அறுத்ததோடு தீர்ந்ததா பொறுப்பு?

வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சையைச் செய்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பி, பத்தாம் நாள் தையலைப் பார்த்துவிட்டு, அத்தோடு கணக்கை முடித்துக்கொள்ளும் மருத்துவமனை தவறு செய்கிறது. சின்னத் தவறு அல்ல. ஒருவரின் உடல் இனி ஆயுள் முழுக்கச் சாப்பாட்டை வேறு விதமாக ஏற்கும்படி மாற்றியாகிவிட்டது. அந்த உடலோடு எப்படி வாழ்வது என்று கற்றுத்தராமல் விடுவதற்குப் பெயர் சிகிச்சை அல்ல, கைவிடல்.

புனேயில் இருந்தாலும் கோவையில் இருந்தாலும் கைபேசியைத் திறந்தால் எடை அறுவை விளம்பரத்தின் இரட்டைப் படம் வந்து நிற்கிறது. இடப்பக்கம் வாடிய முகத்தோடு பருத்த உடம்பு. வலப்பக்கம் சிரித்த முகத்தோடு மெலிந்த உடம்பு. கீழே தவணை வசதி. இரண்டு படங்களுக்கும் நடுவே கழிந்த மாதங்களைப் பற்றியும், வலப்பக்கப் படத்துக்குப் பிறகு வரும் முப்பது, நாற்பது ஆண்டுகளைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. அந்த மௌனத்தைத்தான் நாம் குற்றம் சாட்டுகிறோம்.

அறுவை சிகிச்சையை அல்ல. இதை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவரை ஏளனமாகப் பார்ப்பவர்கள் அதிகம். "வாயைக் கட்டத் தெரியாதவர்கள் வயிற்றை வெட்டிக்கொள்கிறார்கள்" என்று சொல்வது அறியாமை, அதைவிடக் கொடுமை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966-ல் தொடங்கிய இந்த முறைக்கு இன்று வலுவான சான்றுகள் உண்டு. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய நீண்டகால ஆய்வின் முடிவு 2007-ல் வெளியானபோது, அறுவை செய்துகொண்டவர்களிடையே மரணம் சுமார் 29 சதவீதம் குறைந்திருந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் சர்க்கரை நோயாளிகளை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தது. மருந்தை மட்டும் நம்பியவர்களில் 5 சதவீதத்தினரே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை 6 அல்லது அதற்குக் கீழ் கொண்டுவந்தார்கள். இரைப்பை பைபாஸ் செய்தவர்களில் அது 29 சதவீதம். நிதின் கட்கரி 2011-லும் அருண் ஜேட்லி 2014-லும் இதைச் செய்துகொண்டார்கள். கொடும் உடல் பருமன் சோம்பேறித்தனத்தின் கூலி அல்ல. பசியைத் தூண்டும் ஹார்மோன்களும் மரபும் சேர்ந்து நடத்தும் நோய். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுக்கும்போது, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் சேர்ந்து போகிறது. அதனால்தான் பலன் தருகிறது. தேவைப்பட்டவர் செய்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இத்தனை பெரிய காரியத்துக்கு எத்தனை ஆயத்தம் வேண்டும்?

முறையாகச் செய்யும் இடத்தில் முதல் ஆலோசனைக்கும் அறுவைக்கும் நடுவே வாரங்கள், சில சமயம் மாதங்கள் போகும். இதயத்தையும் நுரையீரலையும் பார்ப்பார்கள். குறட்டை விட்டுத் தூங்குபவருக்கு உறக்கத்தில் மூச்சு நின்று போகிறதா என்று சோதித்து, தேவையானால் இரவில் காற்று செலுத்தும் கருவியைப் பழக்குவார்கள். எண்டோஸ்கோப்பி செய்து இரைப்பையில் புண்ணோ கிருமியோ இருந்தால் முதலில் அதைத் தீர்ப்பார்கள். புகைப்பவரை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தாவிட்டால் தேதி தரமாட்டார்கள். மனநல ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்து பேசுவார்: துக்கம் வந்தால் சாப்பிடுகிறீர்களா, தனியாக இருக்கும்போதா, யாருக்காக எடை குறைக்க வருகிறீர்கள்? கடைசி இரண்டு வாரம் பெரும்பாலும் திரவ உணவு. கொழுப்பேறி வீங்கிய ஈரலைச் சற்றே சுருக்கினால்தான் அதற்கடியில் கிடக்கும் இரைப்பையை லேப்ராஸ்கோப் கருவி பத்திரமாக எட்டும். இவற்றில் எதையும் "அதெல்லாம் வேண்டாம், வெள்ளிக்கிழமை அட்மிட் ஆகுங்கள்" என்று சுருக்குகிற இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

ஆயத்தத்தில் புனேவுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை இந்த ஊர்தான் உலகத்துக்கே சொன்னது. கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004-ல் தன் படத்தையும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் யுட்கின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லான்செட் இதழில் வெளியிட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 22.3, அச்சுப் பிசகாமல் ஒன்றே. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்பு உள்ளே கொழுப்பைச் சுமக்கிறது என்பதற்கு அதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. ஐரோப்பிய உடம்புக்கு வகுத்த எல்லைகளை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது என்பதை உணர்ந்துதான், 2009-ல் இந்திய வல்லுநர்களின் ஒருமித்த அறிக்கை அறுவைக்கான பி.எம்.ஐ. எல்லையைக் கீழே இறக்கியது: கூடவே வேறு நோய் இருந்தால் 32.5, இல்லாவிட்டால் 37.5.

அதே யாஜ்னிக் குழு 2006-ல் இன்னொன்றையும் காட்டியது. புனே நகரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் நடுவயது ஆண்கள் 441 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 67 சதவீதத்தினருக்கு வைட்டமின் பி12 குறைவு. நகர நடுத்தர வகுப்பில் 81 சதவீதம். பால், தயிர் தவிர விலங்குணவு தொடாத வீடுகள் நிறைந்த ஊரில் இது வியப்பில்லை. இப்போது இதை அறுவையோடு சேர்த்துப் பாருங்கள். உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். அதைக் குடல் ஏற்றுக்கொள்ள இரைப்பைச் சுவரில் ஊறும் ஒரு புரதம் வேண்டும். பைபாஸ் செய்தால் இரண்டின் துணையும் பெருமளவு போய்விடும். ஸ்லீவ் செய்தால் குறையும். நிறைய இறைச்சி உண்டு ஈரலில் பல ஆண்டுக்கான பி12-ஐச் சேமித்து வைத்திருக்கும் அமெரிக்கருக்குக் குறை தெரிய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகலாம். சேமிப்பே இல்லாமல் அறுவை மேசைக்குப் போகும் புனேக்காரருக்கு அந்த அவகாசம் இல்லை. பாதம் மரத்துப்போவது, கால் விரலில் ஊசி குத்துவது, நடக்கும்போது தள்ளாட்டம், மறதி. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தில் தீரும். ஆண்டுக்கணக்கில் விட்டால் நரம்பு மீளாமலே போகலாம். அறுவைக்கு முன் பி12, டி, இரும்பு, ஃபோலேட் பார்த்து, குறை இருந்தால் நிரப்பிவிட்டுக் கத்தியை எடுப்பது இந்த ஊரில் விருப்பத்துக்கு விடும் சங்கதி அல்ல. எடுத்துச் சொல்லப்படாத ஒவ்வொருவருக்கும் அநீதி நடந்திருக்கிறது.

ஆயத்தமும் வசதியும் எவ்வளவு முக்கியம் என்பதை 2024 ஏப்ரலில் தமிழ்நாடு வலியோடு கற்றது. புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர், எடை 150 கிலோவை ஒட்டி. எடை குறைக்க வேண்டும் என்ற ஆசையோடு சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். உயிரோடு திரும்பவில்லை. பெற்றோர் புகார் கொடுத்தார்கள், சுகாதாரத் துறை விசாரித்தது, மருத்துவமனையின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. இத்தகைய அறுவையில் உயிரிழப்பு, நல்ல மையங்களில், அரிது. பித்தப்பை அறுவையோடு ஒப்பிடும் அளவுக்கு அரிது. ஆனால் அந்த அரிதான நிலை வரும்போது தாங்கிக்கொள்ளும் தீவிர சிகிச்சைப் பிரிவும், கனத்த உடலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். எந்த மருத்துவர் என்று கேட்பவர்கள் எந்தக் கட்டடம் என்றும் கேட்க வேண்டும். கேட்கத் தோன்றாத குடும்பத்துக்கு எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை.

அடுத்தது, வீட்டுக்கு வந்தபின்.

முதல் நாட்களில் மருந்து அளக்கும் சின்ன பிளாஸ்டிக் கப், 30 மில்லி பிடிக்கும், அதுதான் ஒருவேளைப் படி. பைபாஸுக்குப் பிறகு மிஞ்சும் இரைப்பைப் பையின் கொள்ளளவும் ஏறக்குறைய அதுவே. பக்கத்தில் கடிகாரம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வாய் தண்ணீர், அடுத்த பதினைந்துக்கு ஒரு வாய் பருப்புத் தண்ணீர் அல்லது மோர். அவசரப்பட்டு ஒரு மடக்குக் கூடுதலாகப் போனால் நெஞ்சுக்கு நடுவே பிடித்துக்கொண்டு வாயில் நுரைத்த எச்சில் ஊறும். இரண்டு வாரம் திரவம், பிறகு இரண்டு வாரம் மசித்த உணவு, அப்புறம் குழைவான சாதம், கிச்சடி. ஆறு, எட்டு வாரம் கழித்தே வழக்கமான சாப்பாடு, அதுவும் கைப்பிடி அளவு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரைமணி கழித்துத்தான். இதற்கிடையில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சலோடு வயிற்றிலும் இடத் தோளிலும் வலி வந்தாலோ, தையலில் கசிவு இருக்கலாம். விடியும்வரை காத்திருக்கக் கூடாது. விடாமல் வாந்தி வந்தால் சில வாரங்களிலேயே பி1 தீர்ந்து மூளையைத் தாக்கும். இத்தனையையும் ஆங்கிலத்தில் அச்சடித்த டிஸ்சார்ஜ் தாளில் கொடுத்து அனுப்புகிறார்கள். பீடு மாவட்டத்திலிருந்து வந்தவருக்கு மராத்தியில் வேண்டும். ராஸ்தா பேட்டிலோ கட்கியிலோ மகனோடு வந்து இருக்கும் தமிழ் அம்மாவுக்குத் தமிழில் வேண்டும். சமைத்துப் போடுவது அவர்தானே.

சமையலில்தான் பெரிய சோதனை. நாளுக்கு 60 கிராமாவது புரதம் போய்ச்சேர வேண்டும். இல்லையென்றால் கொழுப்போடு தசையும் கரையும், மூன்றாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். ஓர் இட்லியில் இரண்டு கிராம்தான் புரதம். இட்லியை நம்பினால் முப்பது வேண்டும், அவரால் ஒன்றை முழுசாக முடிக்க முடியாது. ஏகாதசிக்கும் சங்கஷ்டி சதுர்த்திக்கும் புனே வீடுகளில் செய்யும் சாபுதானா கிச்சடியில் நிலக்கடலைப் பொடியைத் தள்ளிவிட்டால் மாவுச்சத்துதான் மிச்சம். நம் வீட்டிலேயே விடை இருக்கிறது: நவராத்திரிக்குச் செய்யும் சுண்டல், பாசிப்பருப்பு, கெட்டித் தயிர், பனீர், சாப்பிடுபவர்களுக்கு முட்டையும் மீனும். தட்டில் முதலில் அதைத் தின்றுவிட்டு, இடம் மிஞ்சினால் சோறு. தலைமுறை தலைமுறையாகச் சோற்றைச் சுற்றியே இலையைப் போட்டுப் பழகிய வீட்டில் இந்த வரிசை மாற்றம் எளிதல்ல. அதைச் சொல்லித்தர உணவு ஆலோசகர் வேண்டும், ஒரு முறை அல்ல, பல முறை.

குடும்பங்களையும் சும்மா விட முடியாது. திருமணப் பந்தியில் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று பூரண்போளியை இலையில் வைக்கிற மராத்தி அன்பும், "சாப்பிடாம எப்படித் தெம்பு வரும்" என்று கெஞ்சுகிற தமிழ் அன்பும், இந்த உடலைப் பொறுத்தவரை ஒரே தீங்கு. பைபாஸ் ஆனவர் இனிப்பை வேகமாகத் தின்றால் சில நிமிடங்களில் படபடத்து, வேர்த்து, வயிறு பிசைந்து படுக்க வேண்டியதாகிவிடும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று விட்டுவிடப் பழக வேண்டும்.

இதைவிடக் கனமான குற்றம் ஒன்று. பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் எடையைக் குறைக்க அறுவைக்கு அழைத்துப் போகிறார்கள், ஊருக்குச் சொல்லாமல். மணமகன் வீட்டாருக்கும் சொல்வதில்லை. கல்யாணம் முடிந்து ஆறு மாதத்தில் "விசேஷம் ஏதும் உண்டா" என்று கேள்வி. அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது என்பது மருத்துவ அறிவுரை. எடை வேகமாக இறங்கும் அந்தக் காலத்தில் தாய்க்கே சத்து போதாது, சிசுவுக்கு எங்கிருந்து வரும்? மறைத்துவிட்டதால் அந்தப் பெண்ணால் காரணம் சொல்ல முடியாது. சத்து மாத்திரையைப் பீரோவுக்குள் வைத்து விழுங்க வேண்டும். புகுந்த வீட்டில் வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு, பாத்ரூமில் வாந்தி எடுக்க வேண்டும். முட்டிவலிக்கு மாமியார் நல்ல மனதோடு மெடிக்கல் ஷாப்பில் வாங்கித்தரும் டைக்ளோஃபெனாக் பைபாஸ் ஆன வயிற்றில் புண்ணை உண்டாக்கி ரத்தம் கசிய வைக்கும். அதையும் வாய் திறந்து மறுக்க முடியாது. பெண்ணின் உடம்பைச் சந்தைக்கு ஏற்றபடி மாற்றி, மாற்றியதையும் மறைக்கச் சொல்லி, ஆபத்தை அவள் தலையிலேயே கட்டும் பெற்றோர் பாசத்தால் செய்தோம் என்பார்கள். பாசம் இதற்குச் சமாதானம் ஆகாது. தேவைக்குச் செய்தால் திறந்து சொல்லுங்கள். கல்யாணத்துக்காக மட்டும் என்றால் செய்யாதீர்கள்.

மனதைப் பற்றி நம் மருத்துவமனைகள் இன்னும் குறைவாகவே பேசுகின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் அறுவை செய்துகொண்ட 8,815 பேரைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியான ஆய்வில், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த நிகழ்வுகள் அறுவைக்கு முன்னிருந்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்காகியிருந்தன. அமெரிக்க ஆய்வு ஒன்று இரண்டாம் ஆண்டில் குடிநோய் 7.6-லிருந்து 9.6 சதவீதமாக ஏறியதைக் கண்டது. மாறிய வயிற்றில் மது வேகமாக ஏறுகிறது. சாப்பாட்டில் ஆறுதல் தேடியவருக்கு அந்தக் கதவு அடைபட்டபின் வேறு கதவு வேண்டும். உடம்பு சுருங்கினாலும் தோல் தொங்கும். முன்பு பேசாதவர்கள் இப்போது வந்து பேசும்போது, அத்தனை காலம் தன்னை யாரும் மனுஷியாகவே பார்க்கவில்லை என்ற கசப்பு வரும். பிறகு மூன்றாம், நான்காம் ஆண்டில் எடை கொஞ்சம் திரும்பி ஏறும், பலருக்கும் ஏறும். அப்போதுதான் மருத்துவமனைக்குப் போவதை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மருத்துவமனைகளின் வாதமும் அதுதான்: நாங்கள் கூப்பிடுகிறோம், அவர்கள் வருவதில்லை. ஓரளவு உண்மை. ஆனால் ஏன் வருவதில்லை? சோலாப்பூரிலிருந்தும் லாத்தூரிலிருந்தும் ஒரு நாள் கூலியையோ விடுப்பையோ இழந்து வந்து, ரத்தப் பரிசோதனைக்குத் தனியாக ஆயிரங்களைக் கட்டி, கடைசியில் "டயட்டைக் கெடுத்துக்கொண்டீர்கள்" என்று திட்டு வாங்க யார் வருவார்கள்? கடன் வாங்கி அறுவைப் பணத்தைக் கட்டியவருக்கு ஆண்டுதோறும் செலவு உண்டு என்பதை முன்கூட்டியே சொன்னீர்களா?

சட்டம் இதில் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ன் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. மருத்துவர் நோயாளிகளைத் தேடி விளம்பரம் செய்வதை 2002-ன் மருத்துவ நெறிமுறைகள் குற்றமாக்குகின்றன. ஆனால் நிறுவனமாக நிற்கும் மருத்துவமனை தன் பெயரில் பலகை வைத்தால் மருத்துவக் கவுன்சிலின் கை அங்கே எட்டுவதில்லை. 2019-ல் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது: எடை அறுவையை முற்றிலும் ஒதுக்காமல், பி.எம்.ஐ. 40 அல்லது கடும் துணைநோயோடு 35 என்ற எல்லைக்கு மேல் இருந்தால் விலக்கு பொருந்தாது என்றது. ஆனால் எல்லை ஐரோப்பிய உடம்புக்கானது. 160 சென்டிமீட்டர் உயரமும் 85 கிலோ எடையும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் உள்ள பெண்ணுக்கு பி.எம்.ஐ. 33, இந்திய வல்லுநர் அறிக்கையின்படி அறுவைக்குத் தகுதியானவர், காப்பீட்டுக்கோ தகுதியற்றவர். இந்த எல்லையை ஆணையம் திருத்த வேண்டும். படுக்கையில் கிடந்த மூன்று நாளுக்குப் பணம் தரும் பாலிசி, அதற்குப் பிறகு வரும் ஆண்டு ரத்தப் பரிசோதனைக்கும் பி12 ஊசிக்கும் பணம் தர வேண்டும்.

2025-ல் எடை குறைப்பு ஊசிகளான மௌஞ்சாரோவும் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தபின் அறுவையே தேவைப்படாது என்று சிலர் பேசுகிறார்கள். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. அங்கேயும் நீடித்த கவனிப்பு இல்லாமல் விற்பதுதான் நடக்கிறது. பொருள் மாறினாலும் விற்பவரின் கடமை மாறாது.

மகாராஷ்டிர அரசு 2021-ல் நர்சிங் ஹோம் பதிவு விதிகளைத் திருத்தி, நோயாளர் உரிமை சாசனத்தையும் கட்டண விவரத்தையும் எல்லோரும் பார்க்க வைக்கச் சொன்னது. அந்தப் பலகையில் ஒரு வரி சேரட்டும்: எடை அறுவைக்கான கட்டணத்தில் ஐந்தாண்டுப் பின்கவனிப்பு அடக்கம். அதில் ஆண்டுக்கொரு ரத்தப் பரிசோதனை, உணவு ஆலோசகரும் மனநல ஆலோசகரும், இரவில் போன் செய்தால் எடுக்கும் ஒருவர், நோயாளியின் மொழியில் எழுதிய அட்டை எல்லாம் இருக்க வேண்டும். என்ன அறுவை, எந்த நாள், எந்த மாத்திரை ஆகாது என்று அந்த அட்டை சொல்ல வேண்டும். மயங்கி விழுந்தவரைப் பார்க்கும் வேறு ஊர் மருத்துவருக்கும் அது புரிய வேண்டும். இதைச் சேர்த்தால் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். இப்போது குறைவாகத் தெரியும் அந்த விலையின் மீதியை நோயாளி தன் நரம்பாலும் எலும்பாலும் கட்டிக்கொண்டிருக்கிறார். சேர்க்க மாட்டோம் என்கிற மருத்துவமனைக்கு இந்த அறுவையைச் செய்யும் அனுமதியைச் சுகாதாரத் துறை தரக் கூடாது.